சூடம் அணைவதற்குள்

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லத் தொடங்கினால் பாதியில் இருமல் வந்த மாதிரி பாவனை செய்து, போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் உன் பழைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இன்று சனிக்கிழமை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் மாமா மகன் நுவரெலியாவுக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பினால் மத்தியானத்துக்குள் கந்தப்பளைக்கு வந்து உன்னிடம் சேர்த்துவிடுவான். திங்கட்கிழமை நீ அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

வியாழக்கிழமை காலையில் நீ போன் எடுத்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். உன் பெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற மெசினின் பெல்ட்டில் ஒரு பொம்பளையின் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது என்றாய். மெசினை நிறுத்துகிற சுவிட்ச் பதினைந்து நாளாக வேலை செய்யவில்லை என்றாய். அது உனக்கும் தெரியும், உனக்கு மேலே இருப்பவருக்கும் தெரியும். இருந்தும் சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது, அவள்தான் கவனமில்லாமல் கையை விட்டாள் என்று அறிக்கை எழுதி, அதில் உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "போடலைன்னா வேல போயிரும்ப்பா. போட்டா மனசு ஒரு மாதிரியா இருக்கு. நீங்கன்னா என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டாய்.

நான் யோசிக்கவே இல்லை. "மேல உள்ளவங்க சொல்றத கேட்டு நடந்துக்க தம்பி. கையெழுத்த போட்டுட்டு வெள்ளிக்கெழம முனிக்கு ஒரு தேங்கா ஒடச்சிரு. எல்லாம் சரியாயிரும்" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அந்த ஒரு சொல்லில் உன் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிப்போனது எனக்குக் கேட்டது. அப்பா சொல்லிவிட்டார், சாமி பார்த்துக்கொள்ளும் என்று நீ நிம்மதியாகப் போனை வைத்தாய். நான் என்ன செய்வேன் என்று கேட்டாய். நான் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்கிறேன். இருபது வருஷமாக யாருக்கும் சொல்லாதது இது.

எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில், கொழுந்து அரைக்கிற ரோலர் அறையின் மூலையில் மஞ்சள் பூசிய கல்லும் சூலமும் இருப்பதை நீ சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். ரோதைக்குக் காவலிருக்கிற ரோதமுனி. அந்த மெசின் சக்கரங்கள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கின்றன, கொஞ்சம் அசந்தால் ஆளையும் இழுத்துவிடும். அதனால்தான் வேலை தொடங்கும் முன் முனியைக் கும்பிட்டு வந்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, அந்தச் சூடம் அணைவதற்குள் ரோதை சுற்றத் தொடங்க வேண்டும். எனக்கு முன்னால் மெசின்காரராக இருந்தவர்கள் வைத்த வழக்கம் அது. சூடம் அணைந்த பிறகு மெசின் ஓடினால் அந்தக் கிழமை முழுக்க, அடுத்த வெள்ளி வரைக்கும், ஏதாவது கோளாறு வரும் என்று நம்பினோம். நானும் நம்பினேன். இன்றைக்கும் முழுசாக நம்பாமல் இல்லை, அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

உனக்கு அப்போது எட்டு வயது. மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து மலைபோல் வந்து குவிந்த நாட்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெல்ட் தளர்ந்திருந்தது. அதை இறுக்குவதற்காகப் பெல்ட்டின் இரும்பு மூடியை நான்தான் கழற்றினேன். இறுக்கி முடித்த நேரத்தில் பூசைக்கு எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். மூடியில் நான்கு ஆணி முறுக்க வேண்டும், பத்து நிமிட வேலை. பூசை முடியட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது சுவர்ப்பக்கம் என்பதால் நின்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. சூடம் கொளுத்தினேன். கொளுத்திய பிறகு அதன் வழக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுடர் தாழ்கிறது, எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் கையில் திருநீற்றோடு மெசினைப் போட்டுவிட்டேன்.

உன் வேலு மாமாவை உனக்கு நினைவிருக்கும். நமக்குச் சொந்தக்காரன் இல்லை, லயத்து வரிசையில் அடுத்த காம்பிரா வீட்டில் இருந்தவன், ஆனால் திருவிழாவுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். அன்றைக்கு அடுப்புக்கு விறகு எடுக்க அவனை அனுப்பியிருந்தார்கள், அதனால் பூசைக்கு அவன் இல்லை. பின்வாசல் வழியாக உள்ளே வந்து, தினமும் செய்வதுபோல் பெல்ட்டுக்குக் கீழே சிந்திக் கிடந்த கொழுந்தைக் கூட்டக் குனிந்தான். மூடி இருக்கும் என்ற பழக்கத்தில் கையை நீட்டினான். வலது கை மணிக்கட்டோடு போனது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

அவனைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் அறையில் நின்றேன். நின்று என்ன செய்தேன் தெரியுமா? மூடியை எடுத்து அதன் இடத்தில் வைத்து, நான்கு ஆணியையும் முறுக்கி, துணியால் துடைத்தேன். என் கை நடுங்கவே இல்லை. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து, "மூடி போட்டிருந்துச்சா?" என்று கேட்டார். "போட்டிருந்திச்சிங்க அய்யா" என்றேன். என்னை அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளிக்கிழமை விரதமுமாக இருக்கிற ஆள் பொய் சொல்வான் என்று அவருக்கு ஏன் தோன்றப்போகிறது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். பயம்தான். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். உன் அம்மாவையும் உன்னையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அந்தப் பயம் நியாயமானதுதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதோடு நின்றிருந்தால் நான் வெறும் பயந்தாங்கொள்ளியாக இருந்திருப்பேன். அதற்குமேலும் போனேன்.

அன்று சாயங்காலம் பின்வாசலுக்கு உள்ளே ஒரு செருப்பு கிடப்பதை யாரோ பார்த்தார்கள். வேலுவுடையது. வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டது, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் யாருடைய கால் தட்டி உள்ளே வந்ததோ. "முனி இருக்கிற எடத்துக்குள்ள செருப்புக் காலோட வந்திருக்கான். பூசைக்கும் நிக்கல. பிறகு அது சும்மா விடுமா?" என்று ஒருவர் தொடங்கினார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூசை செய்கிறவன் நான்தானே. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், தம்பி. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்தத் தலையாட்டல் போதுமாக இருந்தது, விடியும்போது தோட்டம் முழுக்க சாமி குத்தம் என்று பேச்சாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் வேலு பார்க்கப் போனவர்களிடமெல்லாம், "நா செருப்ப கழட்டிட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என்னிடமும் சொன்னான். "அண்ணே, ஒங்களுக்கு தெரியும்தானே, நா ஒரு நாளும் அப்பிடி வந்ததில்லையே." நான் அவன் தலையணைக்கு அடியில் திருநீற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், "வேலு மாமா பொய் சொல்ற ஆளுன்னுதான் முனி அடிச்சிச்சாப்பா?" என்று. நான் "ஆமா" என்றேன். அந்த மாதமே நீ பள்ளிக்கூடத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டு உடைக்கவில்லை என்று சொன்னதற்குக் கொய்யாக் குச்சியால் உன் காலில் அடித்தேன், பொய் சொன்னால் முனிக்குப் பிடிக்காது என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். தழும்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் அது உன் பொய்க்கு விழுந்த அடி இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் காலையிலிருந்து பேனாவை வைத்துவிட்டு வைத்துவிட்டு எடுக்கிறேன். முனியைச் சாந்தப்படுத்தப் பூசை போட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். என்ன பூசை என்று என்னிடம் கேட்டார்கள். வேலுவின் மனைவி செல்வி ஒன்பது வெள்ளிக்கிழமை வந்து பால் ஊற்றி, புருஷனுக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெண் ஒன்பது வெள்ளிக்கிழமையும் ஈரச் சேலையோடு, கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மூடி மாட்டியிருந்த அதே பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, "தெரியாம செஞ்சிட்டாரு, மன்னிச்சிரு சாமி" என்று அழுதாள். நான் அவளுக்குத் தீர்த்தம் கொடுத்தேன்.

அவனுடைய கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். பிறகு அவர்களைத் தோட்டத்தின் மேல்பிரிவுக்கு மாற்றினார்கள், தண்ணீர் டேங்குக்குக் காவல் வேலை. நாம் அங்கே போவது குறைந்துபோனது. அதற்குப் பிறகு வந்ததுதான் நீ பார்த்து வளர்ந்த என் பக்தி. மச்சம் மாமிசத்தை அடியோடு விட்டது, திங்களும் வெள்ளியும் விரதம், கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போனது, முதுகில் அலகு குத்திக் காவடி எடுத்தது எல்லாம். எங்கப்பா மாதிரி சாமிக்குப் பயந்த மனுஷன் கிடையாது என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு உச்சி குளிர்ந்திருக்கிறது, வெட்கமில்லாமல். நான் சாமிக்குப் பயப்படவில்லை, தம்பி. வேலு வீட்டுப் படியேறப் பயந்தேன். கதிர்காமம் எத்தனையோ மைல், மேல்பிரிவு இரண்டே மைல். தூரமானதற்கு நடந்து போனேன்.

இதையெல்லாம் செத்துப்போகும்வரை சொல்லாமலே இருந்திருப்பேன். உன் போன் வந்தும்கூட வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று வெள்ளிக்கிழமை நடந்தது வேறு. வேலையை விட்டு வந்த பிறகும் முனிக்குப் பூசை என் கையில்தான் என்பது உனக்குத் தெரியும். நேற்றும் போனேன். இப்போது மெசின்காரராக இருப்பவர் நான் வேலை பழக்கியவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நான் சூடத்தைக் கொளுத்திவிட்டு நிமிர்ந்தால், சுவரில் ஒரு மூடி சாய்த்து வைத்திருக்கிறது. "என்னது, மூடி போடலையா?" என்றேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், "நீங்க சூடத்த காட்டுங்கய்யா. அணையிறதுக்குள்ள மெசின போட்டுட்டு பிறகு மாட்டிக்கலாம். எப்பவும் அப்பிடித்தானே செய்றோம்."

எப்பவும் என்றார். நான் என் கையாலே பழக்கிக் கொடுத்த வழக்கம் அது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல மூடிய போடுங்க" என்றேன். "சூடம் அணைஞ்சிருமேய்யா" என்றார். "அணையட்டும்." சூடம் அணைந்தது. அவர் நான்காவது ஆணியை முறுக்கும்வரை நான் நகரவில்லை. பிறகு மெசின் ஓடியது, எப்போதும் போலவே ஓடியது. நான் அங்கேயே நின்று, இருபது வருஷத்துக்கு முன்னால் மூடி போடாமல் இந்த மெசினைப் போட்டது நான்தான், வேலு பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். மெசின் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள், அதில் நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது.

அங்கிருந்து நேரே மேல்பிரிவுக்கு நடந்தேன். வேலு வாசலில் உட்கார்ந்து இடது கையால் கத்தரித் தோட்டத்துக்குக் கம்பு சீவிக்கொண்டிருந்தான். கம்பைக் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு சீவுகிறான், பழகிவிட்டது. "வாங்கண்ணே, எத்தன வருசமாச்சி" என்று எழுந்தான். செல்வி தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து சொல்லியிருந்தால் முடித்திருக்க மாட்டேன், நின்றுகொண்டே சொன்னேன்.

என்னை அடிப்பான் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. செல்வியின் பக்கம் திரும்பி, "கேட்டியா? அப்ப நா செருப்ப கழட்டிட்டுத்தான் போயிருக்கேன்" என்றான். போயிருக்கேன் என்றான், தம்பி. ஊரே சொல்லிச் சொல்லி, பெண்டாட்டியும் நம்பாமல், கடைசியில் அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்திருக்கிறது. கை போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்விதான் பேசினாள். "ஒம்போது வெள்ளி ஒங்க முன்னுக்கு நின்னு அழுதேன் அண்ணே. நீங்கதானே தீர்த்தம் குடுத்தீங்க. அந்த மனுசன நா இந்த வாயால எத்தன தரம் ஏசியிருக்கேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வேலு மறுபடி கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கண்ணே" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் ஒரு பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், சொல்லாதது நல்லதுதான்.

உன் அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறாள். "இம்புட்டு காலமும் வாய மூடிட்டு இருந்துட்டு, மகன் கல்யாணத்த வச்சிக்கிட்டு இப்ப போயி சொல்லணுமா?" என்று மட்டும் கேட்டாள். தோட்டத்துக் கோவிலில் இனிப் பூசைக்கு வர வேண்டாம் என்று இன்று காலை ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். தையில் உன் கல்யாணம், பெண் வீட்டுக்கும் இது போய்ச் சேரும். உனக்குத் தலைகுனிவுதான். இதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் சொன்னதற்காக இல்லை.

சாமி கும்பிடாதே என்று நான் சொல்ல வரவில்லை. கும்பிடு. முனி என்னைப் பொய் சொல்லச் சொன்னதே இல்லை. நான் சொன்ன பொய்யை அதன் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, எதிரே நின்று சூடம் காட்டினேன். நீ அப்படிச் செய்யாதே. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து தேங்காய் உடைத்தால், அந்தத் தேங்காயைத் திரும்பத் திரும்ப உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இருபது வருஷம் பிடித்தது. வேலை போனால் போகட்டும் என்று வீரம் பேச எனக்கு வாய் கிடையாது. அது போகலாம். கல்யாணம் தள்ளிப்போகலாம். நீ பெட்டியோடு இங்கே வந்து நின்றால் இந்தக் காம்பிராவில் உனக்கு இடம் இருக்கிறது, அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். சுவிட்ச் கெட்டிருந்தது, எனக்கும் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. வியாழக்கிழமை நான் சொன்னதை நம்பி ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால், போய் அதை வெட்டச் சொல். அப்பா சொன்னதால் போட்டேன், அப்பா சொன்னது பிழை என்று என் பெயரைச் சொல்லியே கேள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை நீ என்னோடு பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பேசினாய். சுவிட்சைப் பற்றிச் சொன்னாய், காகிதத்தைப் பற்றிச் சொன்னாய், மேலே இருப்பவர் போட்ட சத்தத்தைச் சொன்னாய். கை நசுங்கியவளை மட்டும் ஒரு பொம்பள என்றாய். நானும் மேலே கேட்கவில்லை. இதைப் படித்து முடித்ததும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை, கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. பிறகு எனக்குப் போன் எடு. கையெழுத்துப் போட்டாயா இல்லையா என்று நான் எடுத்த எடுப்பில் கேட்கமாட்டேன். அவள் பெயர் என்ன என்றுதான் கேட்பேன்.

உன் அப்பா